உப்புப் பார்த்த விரல்

விருத்தாசலம்
16.6.2024

அன்புள்ள தங்கச்சி பானுமதிக்கு,

உன் அண்ணன் கொளஞ்சிநாதன் எழுதிக்கொண்டது. இங்கே நான், வாசுகி, மருமகன் ராஜ்மோகன், பேத்தி தென்றல் எல்லோரும் சுகம். சர்க்கரை மாத்திரை தவறாமல் போடுகிறேன். பரங்கிப்பேட்டையில் நீயும் மாப்பிள்ளை தங்கராசுவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று விழித்திருப்பாய். வாசுகி இல்லை. நான்தான். என் கையாலேயே எழுதுகிறேன். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதுவதற்குள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உனக்குக் காது போன பிறகு போன் எதற்கும் உதவவில்லை. நான் பேசுவேன், நீ “யாரு, யாரு” என்பாய், அதோடு சரி. வாசுகி எனக்காக எழுதும் கடிதத்தில் நான் சொல்வது ஒன்று, அவள் எழுதுவது ஒன்று. கடைசியில் தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்துவிடுவாள். “அப்பா ஸ்வீட்டு சாப்பிடறாங்க அத்தை” என்று. நீ பதிலில் என்னைத் திட்டுவாய். எனக்கு ஒன்றும் புரியாது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். காசியம்மாள் டீச்சர் நல்ல பெண். “பென்சில அப்படி நசுக்காதீங்க, அது களிமண்ணு இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். என் கூலியில் நீ எட்டாவது வரை படித்தாய். இப்போது அந்த எட்டாவதை நான் துரத்திக்கொண்டு வருகிறேன்.

கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். பஸ் போர்டு, தீப்பெட்டி, உப்புப் பாக்கெட். நான் காலமெல்லாம் வேலை செய்த பீங்கான் கம்பெனி வாசலில் ‘அந்நியர் உள்ளே வரக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. படித்ததும் பயந்துவிட்டேன். இத்தனை வருஷம் எந்தத் தைரியத்தில் நுழைந்தேன்!

ஒரு விஷயம். லாட்ஜில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று ஒரு பெரிய மீன்தொட்டியைச் சும்மா கொடுத்தார்கள். ராஜ்மோகன் ஆட்டோவில் போட்டு எடுத்துவந்தார். தங்க மீன் வாங்கி விட்டோம், எல்லாம் செத்துப்போயின. எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஒரே உப்பு. உன் ஊர்க் கழிமுகத்து மீன்கள் உப்புத் தண்ணீரில்தானே இருக்கின்றன? அவற்றைக் கொண்டுவந்து வைத்தால் பிழைக்குமா? மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

உன் அண்ணன்
கொளஞ்சிநாதன்


பரங்கிப்பேட்டை
24.6.2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி பானுமதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். அங்கே எல்லோர் சுகத்துக்கும் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். தென்றலுக்கு இருமல் நின்றுவிட்டதா?

கடிதத்தைப் பிரித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். காது போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்டேன் அண்ணா. அவரிடம் கொடுத்தேன். அவர் வாயைப் பார்த்துத்தான் அவர் பேசுவதைத் தெரிந்துகொள்கிறேன். “மச்சான் எழுத்து ஏர் ஓட்டுன கொல்லையாட்டம் இருக்குது” என்றார். ஆனால் அதையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் படகுத் துறையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

இங்கே உள்ள தண்ணீர் கடலும் இல்லை, ஆறும் இல்லை. உங்கள் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து இங்கேதான் கடலைத் தொடுகிறது. பாதி உங்கள் ஊர்த் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரின் உப்பு போதாது. கல் உப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும் என்று அவர் சொல்கிறார். ஒரேயடியாகக் கொட்டினால் மீன் தாங்காது. மீன் வண்டி ஓட்டும் நந்தகுமார் உங்கள் மார்க்கெட்டுக்கு லோடு கொண்டுவரும்போது கேனில் போட்டுக் கொடுத்தனுப்புவார்.

மாத்திரையை விடாதீர்கள். ஸ்வீட் சாப்பிடுவதைப் பற்றி வாசுகி எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அன்புத் தங்கச்சி
பானுமதி


விருத்தாசலம்
21.7.2024

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் நலம். இருமல் நின்றுவிட்டது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா?

மீன்கள் வந்து சேர்ந்தன. நந்தகுமார் கேனை இறக்கும்போது, “பெரியவரே, எங்க ஊரையே தூக்கி உங்ககிட்ட குடுத்துட்டேன்” என்றான். மடவைக் குஞ்சுகள், கீச்சான், உடம்பில் புள்ளி போட்ட வட்ட மீன்கள் எல்லாம் ஒரே தொட்டியில் குடித்தனம் நடத்துகின்றன. வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி காலையில் கொஞ்சம் சண்டை, அப்புறம் சமாதானம். ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே என்று கம்பெனியில் கழித்துப்போட்ட கரண்ட் கம்பத்துப் பீங்கான்களைப் போட்டேன். குப்பி மாதிரி ஓட்டை உள்ளவை.

கேனுக்கு அடியில் நீ எழுதாத இரண்டு பேர் இருந்தார்கள். மறுநாள் காலையில் தென்றல், “தாத்தா, பாம்பு!” என்று கத்தினாள். பாம்பு இல்லை. என் முழங்கை நீளம். பழுப்பு உடம்பில் மஞ்சள் பொடி தூவினமாதிரி இருக்கிறது. செவுளுக்குப் பக்கத்தில் துடுப்பு கிடையாது. ஆளுக்கு ஒரு பீங்கான் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எங்கள் வகுப்பில் ராஜமாணிக்கம் எழுத்துக்கூட்டிப் படிப்பது இப்படித்தான். வாய் அசையும், சத்தம் வராது. விலாங்கு என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு அழகு! இறால் துண்டை நீட்டினால் கையிலிருந்தே வாங்கிக்கொள்கின்றன.

உப்பைப் பற்றிக் கவலைப்படாதே. கம்பெனியில் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் பதம் பார்த்த ஆள் நான். விரலை முக்கி, கட்டை விரலோடு தேய்த்து, நாக்கு நுனியில் வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். தொட்டித் தண்ணீரையும் தினம் அப்படித்தான் பார்க்கிறேன். ராஜ்மோகன் சிரிக்கிறார். “மாமா, மீனு குளிக்கிற தண்ணிய குடிக்கிறீங்களே!”

உன் அண்ணன்
கொளஞ்சிநாதன்


பரங்கிப்பேட்டை
27.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அது விலாங்கு இல்லை அண்ணா. விலாங்குக்குச் செவுளருகே துடுப்பு இருக்கும். நீங்கள் எழுதியிருப்பது அஞ்சாலை. எங்கள் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். “குட்டிதானே, மச்சான் தொட்டிக்கு அழகா இருக்கும்னு போட்டேன்” என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

எங்கள் எதிர் வீட்டுக்காரர் வலையில் கிடந்த அஞ்சாலையை எடுத்து வீசப்போய் அது கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் பயத்தில் கையை இழுத்துவிட்டார். அதன் பல் உள்பக்கமாக வளைந்திருக்கும். இழுத்தால் சதை அதோடு போய்விடும். தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது, முன்வாய் பிடித்ததை அது உள்ளே இழுக்கும். இன்றைக்கும் அவர் டீ கிளாஸைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

அதற்குக் கண் சரியாகத் தெரியாது. எல்லாம் வாசனைதான். மீன் நறுக்கிய கை தண்ணீரில் இறங்கினால் அதற்கு அது கை இல்லை, மீன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. சின்னக் கீறலே ஆற மாதமாகும். இனிமேல் தொட்டிக்குள் விரல் விடாதீர்கள். இரையைக் குச்சியில் குத்திக் கொடுங்கள். தொட்டிக்கு மூடி போட்டு அதன்மேல் கனமாக ஏதாவது வையுங்கள். சந்து கிடைத்தால் வெளியே வந்துவிடும். தென்றலைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நந்தகுமாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

பானுமதி


விருத்தாசலம்
18.8.2024

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். மாப்பிள்ளைக்குக் குழம்பு ஊற்று, பாவம்.

உன் கடிதத்தை வாசுகியின் உதவி இல்லாமல் நானே படித்தேன். எழுத்துத் தெரியாத காலமாக இருந்தால் வாசுகி பாதியை மறைத்துப் படித்திருப்பாள்.

அடுத்த நாளே ஒரு கூத்து நடந்தது. காலையில் பார்த்தால் தொட்டியில் ஓர் அஞ்சாலையைக் காணோம். மூடி கொஞ்சம் விலகியிருந்தது. வீடே அலறியது. வாசுகி தென்றலைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். ராஜ்மோகன் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போகாமல் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “மாமா, அரிசி மூட்டைக்கு அடில பாருங்க” என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தோடு சிலிண்டருக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில், செருப்புகளுக்குள் எல்லாம் தேடினேன். சிரிக்காதே. கடைசியில் தென்றல் கட்டிலில் இருந்தபடியே, “தாத்தா, ஒரே வூட்டுல ரெண்டு பேரு” என்றாள். இரண்டும் ஒரே பீங்கான் குப்பிக்குள் புகுந்து, இரண்டு தலையையும் ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தன.

இப்போது மூடியின்மேல் குழவிக்கல் வைத்திருக்கிறேன். தென்றல் தள்ளி நின்றுதான் பார்க்கிறாள். மடவைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. யார் வேலை என்று தெரியும். யாரைக் கேட்பது? குடித்தனம் இப்போது சத்தமில்லாமல் நடக்கிறது.

திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நான் பக்கத்தில் போனாலே தலையை நீட்டுகின்றன. என் காலடி தெரிகிறது என்று நினைக்கிறேன்.

காசியம்மாள் டீச்சர் என் நோட்டில் ‘மிக நன்று’ என்று எழுதியது. நான் அதைப் படித்தேன்.

உன் அண்ணன்
கொளஞ்சிநாதன்


பரங்கிப்பேட்டை
25.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். என் முதுகு வலி பரவாயில்லை. அவர்தான் துறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். எழுப்பி உட்காரவைப்பதும் நான்தான், திட்டு வாங்குவதும் நான்தான். வீட்டை விட்டு நகர முடியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு திரும்பவும் படித்தேன். மூடி போட்டதை எழுதியிருக்கிறீர்கள். குழவிக்கல் வைத்ததை எழுதியிருக்கிறீர்கள். தென்றலைத் தள்ளி நிறுத்தியதை எழுதியிருக்கிறீர்கள். விரலை விடுவதில்லை என்று மட்டும் எழுதவில்லை.

மறந்துவிட்டீர்களா, அல்லது பொய் எழுத மனம் வரவில்லையா?

அதற்கு உங்கள் காலடி தெரியும் என்கிறீர்கள். அதற்குத் தெரிவது இறால் வாசனை அண்ணா. காது கேட்காத எனக்கு எதுவும் வருவது தெரியாது. பின்னால் வண்டி வந்தாலும் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயந்துகொள்கிறேன். என்னைக் கேலி செய்யுங்கள், பரவாயில்லை. ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘விரலை விடமாட்டேன்’ என்று.

பானுமதி


விருத்தாசலம்
6.10.2024

அன்புள்ள தங்கச்சி பானுமதிக்கு அண்ணன் கொளஞ்சிநாதன் எழுதுவது. நாங்கள் அனைவரும் நலம். உங்கள் நலத்தையும் மாப்பிள்ளையின் கால் குணமானதையும் அறிய ஆவலாக உள்ளோம்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கண் கொஞ்சம் கூசுகிறது. டாக்டர் அதிகம் எழுதவேண்டாம் என்றார். அதனால் வாசுகி எழுதுகிறாள். இங்கே மழை பரவாயில்லை. ராஜ்மோகன் ஆட்டோவுக்குப் புது டயர் போட்டார். தென்றல் நன்றாகப் பாடுகிறாள். வேறு விசேஷம் இல்லை. மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள். அலைந்து திரிந்து இங்கே வரவேண்டாம்.

அண்ணன்
கொளஞ்சிநாதன்


பரங்கிப்பேட்டை
11.10.2024

அண்ணா,

உங்கள் கடிதம் வந்தது. சுகம் கேட்டு எழுத எனக்கு இப்போது கை ஓடவில்லை.

கண் கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்காக நீங்கள் பென்சிலைக் கீழே வைக்கிற ஆளா? அதில் அஞ்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொட்டியே இல்லாத வீடு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரு வரியும் இல்லை. வாசுகி எழுதினால் கடைசியில் அவளுடைய இரண்டு வரி இருக்கும். இந்தக் கடிதத்தில் அதுவும் இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப்பார்த்திருக்கிறீர்கள். படிக்கக் கண் இருக்கிறது, எழுதக் கை இல்லை.

என்ன ஆயிற்று?

இதோடு என் விலாசம் எழுதிய தபால் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் நீங்களே ஒரே ஓர் எழுத்து எழுதிப் போடுங்கள். ‘அ’ போதும். உங்கள் ‘அ’ எனக்குத் தெரியும். அதன் வயிற்றைப் பானை மாதிரி உருட்டி, கம்பை அழுத்தி நிறுத்துவீர்கள். அதைப் பார்த்தால் தூங்குவேன்.

பானுமதி


(தபால் கார்டு. விருத்தாசலம், 17.10.2024)

அ

சுகம்.


பரங்கிப்பேட்டை
20.10.2024

வாசுகிக்கு அத்தை எழுதுவது.

கார்டு வந்தது. அந்த ‘அ’ உன் அப்பாவுடையது இல்லை. வேறு யாரும் எழுதியதும் இல்லை. அவர் இடது கையால் எழுதியிருக்கிறார். பானை உடைந்து கிடக்கிறது.

அவர் உன்னிடம் சத்தியம் வாங்கியிருப்பார். எனக்குத் தெரியும். அந்தச் சத்தியம் என் தலையில் விழட்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ராஜ்மோகன் ஆட்டோவை எடுக்கச் சொல். கையில் என்ன கட்டியிருந்தாலும் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அவர் கத்தினால் கத்தட்டும். எனக்குத்தான் காது கேட்காதே.

இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆள் கிடைத்ததும் பஸ் ஏறிவிடுவேன்.

அத்தை


விருத்தாசலம்
15.12.2024

அன்புள்ள தங்கச்சி பானுமதிக்கு,

உன் அண்ணன் இடது கையால் எழுதிக்கொண்டது. இதை எழுத ஆரம்பித்தது கார்த்திகை தீபத்துக்கு முன்னால். தினம் கொஞ்சம் எழுதுகிறேன். நான் இப்போது நலம். இது உண்மையாகவே எழுதுகிறேன். மாப்பிள்ளை ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாரா? உன் முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் பேசியது உனக்குக் கேட்கவில்லை. என் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் உன் கண்ணெல்லாம் தண்ணீர். எழுத எனக்குக் கை இல்லை. சாத்துக்குடியை உரித்து உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாய். அதனால் அன்றைக்குச் சொல்லவேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன்.

தண்ணீர் மாற்றிய அன்று நடந்தது. இரைக்கு மத்தி மீனை நறுக்கிவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தேன், கழுவவில்லை. உப்பைக் கரைத்து ஊற்றினேன். விரல் தானாகவே உள்ளே இறங்கியது. உன் கடிதத்தை நான் படித்திருந்தேன், விரல் படிக்கவில்லை. குப்பியிலிருந்து தலை வந்ததைப் பார்த்தேன். பிடித்த பிறகுதான் வலித்தது. இழுக்கக் கூடாது என்று நீ எழுதியது, அந்த வரியே, என் கண்முன்னால் வந்தது. ஆனாலும் இழுத்துவிட்டேன். பயந்தால் கை பின்னால்தான் போகிறது.

அப்புறம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். கம்பெனியில் சூளை சுட்டாலும் அச்சு கிழித்தாலும் ஈரக் களிமண்ணை அப்பிக் கட்டிக்கொள்வோம். எரிச்சல் அடங்கிவிடும். கம்பெனிக்குப் போய் ஒரு பிடி வெள்ளைக் களிமண் வாங்கிவந்து அப்பினேன். ஜில்லென்று இருந்தது. காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. வாசுகி, “அப்பா, டாக்டர்கிட்ட காட்டலாம்ப்பா” என்று காலையும் மாலையும் அழுதாள். அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மேலே பார்த்தால் விரல் கொலு பொம்மையின் விரல் மாதிரி வழவழவென்று இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வாசனை வந்தது. அதைத் தெரியாத மாதிரி இருந்தேன்.

உன்னிடம் சொன்னால் மாப்பிள்ளையைத் திட்டுவாய் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அது இல்லை. சொன்னால் ஆஸ்பத்திரி என்பாய். போனால் விரலை எடுத்துவிடுவார்கள். அந்த விரலில்தான் பென்சில் நிற்கிறது. எழுபது வயதில் கிடைத்த எழுத்தை எழுபதிலேயே பறிகொடுப்பதா என்று நினைத்தேன். நீ அனுப்பிய கார்டை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இடது கையால் ‘அ’ போட்டுப் பழகினேன். வாசுகியின் பழைய நோட்டு முழுக்க ‘அ’. அதில் நல்லதாக வந்ததைப் பார்த்து எழுதி அனுப்பினேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். வயிற்றெரிச்சலாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றைக்கே ராஜ்மோகன் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டார். வழியெல்லாம் கத்தினேன். “கத்துங்க மாமா, ஆரன் மிச்சம்” என்றார்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவர் எனக்கு வெறும் சுவர்தான். இப்போது ஒவ்வொரு சுவரும் பேசியது. தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே படித்தேன். ‘அவசர சிகிச்சை.’ ‘அறுவை அரங்கு.’ ‘உள்ளே வரக் கூடாது.’ படிக்காமல் இருக்கலாம் என்று கண்ணை மூடினேன். மூடினாலும் கடைசியாகப் படித்த எழுத்துகள் உள்ளேயே நின்றன. டாக்டர் களிமண்ணை ஊறவைத்து எடுத்துப் பார்த்தார். வெளியே போய் வாசுகியிடம் சொன்னார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றாராம்.

ஆள்காட்டி விரல் நடு மூட்டுவரை போய்விட்டது. மிச்சம் ஆறிவருகிறது. பென்சிலை நடு விரலில் வைத்துப் பழகலாம் என்று காசியம்மாள் டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனது. பார்க்கலாம்.

அஞ்சாலைகளை நந்தகுமாரிடம் கொடுத்தனுப்பினேனே, மாப்பிள்ளை அவற்றைக் கழிமுகத்தில் விட்டாரா? பீங்கான் குப்பியை விட்டு வரமாட்டேன் என்றன. அதனால் குப்பியோடு கேனில் இறக்கினேன். நான் இறக்கவில்லை, ராஜ்மோகன் இடுக்கியால் இறக்கினார். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். தொட்டி இப்போதும் இருக்கிறது. புள்ளி மீன்கள் இருக்கின்றன. அவை ஒன்றும் செய்யாது. இருந்தாலும் பக்கத்தில் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. இதை வாசுகிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு காகிதமும் மைப்பெட்டியும் கொண்டுவந்தது. “தாத்தா, இதுல கைநாட்டு வைங்க” என்றது.

“நான் கையெழுத்துப் போடுவேன்” என்றேன்.

“வலது கையில கட்டு இருக்குதே தாத்தா.”

“இடது கை இருக்குது.”

“நேரமாவுது தாத்தா. டாக்டரு உள்ள நிக்கிறாரு.”

“என் பேரு எனக்குத் தெரியும்மா. குடு.”

பேனாவைக் கொடுத்தது. கூலி வாங்க, ரேஷன் வாங்க, வாசுகியைக் கட்டிக்கொடுக்க, எல்லாவற்றுக்கும் கைநாட்டு வைத்தவன் நான். நான் கையெழுத்துப் போடும் காகிதம் என் வாழ்க்கையில் அதுதான் முதல். சந்தோஷப்படவேண்டிய நேரம். எனக்கோ பல் கிட்டியது. ஆனால் கொம்பு போட ஆரம்பித்ததும் ஒன்று தெரிந்தது. நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் என்னை உள்ளே கொண்டுபோக முடியாது. நர்ஸ் நிற்கிறது. டாக்டர் நிற்கிறார். கத்தியும் நிற்கிறது. அதனால் நான் மெதுவாக எழுதினேன். ‘ள’வைச் சுழித்தேன். ‘ஞ்’சுக்குப் புள்ளியை அழுத்தி வைத்தேன். ‘சி’யின் கொக்கியை ஒருமுறைக்கு இருமுறை வளைத்தேன். “சீக்கிரம் தாத்தா” என்றது அந்தப் பெண். ‘நா’ வந்தது. ‘த’ வந்தது. அப்புறம் ‘ன்’ மட்டும்தான் இருந்தது.

பயத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான் பானு. நம் அப்பா எனக்கு இன்னும் கொஞ்சம் நீளமான பெயராக வைத்திருக்கக் கூடாதா?

உன் அண்ணன்
கொளஞ்சிநாதன்